உப்பில்லாச் சோறும் ஊர்ப்பட்ட சேதியும்

செம்பாக்கத்தில் தனக்கோடியைத் தெரிந்தவர்கள் யாரும் அவள் புருஷனைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று சொல்ல மாட்டார்கள். அப்படிச் சொல்கிற ஒரே ஆள் தனக்கோடிதான். அவள் வாயெடுத்தாலே, "சும்மா இரு, உன்ன மாதிரி யாரு பாத்துக்குவாங்க" என்று மற்றவர்கள் அடக்கிவிடுவார்கள். அவளும் மேலே பேசுவதில்லை. அவள் சொல்வது புரிய வேண்டுமென்றால் அவள் எத்தனை அக்கறையாகச் சமைத்தாள் என்பதைப் பார்த்தால் போதாது. எப்படிப் பரிமாறினாள் என்பதையும் பார்க்க வேண்டும்.

துரைராஜுக்குப் பம்மலில் ஒரு தோல் கம்பெனியில் டைம்கீப்பர் வேலை. ஏரிக்குக் கீழே இருந்த குடும்ப நிலத்தை அண்ணன் ஜெயவேலு பார்த்துக்கொள்ள, பத்தாவது படித்த தம்பி கம்பெனி கேட் ஓரத்து அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். காலை ஏழரைக்குச் சங்கு ஊதும். அதற்குப் பிறகு வருகிறவனுக்கு அரை நாள் ஆப்சென்ட் போட வேண்டும். பஸ் வரவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியார் செத்துப்போனாள் என்று தினமும் பத்துப் பேர் ஜன்னலுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பார்கள். ஒரு மாமியார் வருஷத்துக்கு எத்தனை தடவை சாவாள் என்று துரைராஜுக்குத் தெரியும். ஆனால் கேட்க மாட்டார். விட்டுக்கொடுத்தால் மேனேஜர் கத்துவார், விட்டுக்கொடுக்காவிட்டால் வெளியே டீக்கடையில் அவர் தாயாரை இழுத்து வைத்துத் திட்டுவார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பதிலுக்குக் கை ஓங்குகிற ஆளும் இல்லை அவர். யார் என்ன சொன்னாலும் 'ம்' என்று கேட்டுக்கொள்வார்.

செம்பாக்கத்திலிருந்து தாம்பரத்துக்கு ஒரு பஸ், அங்கிருந்து பல்லாவரத்துக்கு மின்சார ரயில், பல்லாவரத்திலிருந்து பம்மலுக்கு இன்னொரு பஸ். விடியும் முன் வீட்டை விட்டுப் போனால் இரவு ஏழரைக்குத் திரும்புவார். வந்ததும் குளிப்பார், சாப்பிடுவார், பாயில் விழுந்தால் எழுப்ப முடியாது. ஞாயிற்றுக்கிழமையும் பாதி நாள் கம்பெனி இழுத்துக்கொள்ளும். ஆக, தனக்கோடிக்குப் புருஷன் என்று கையில் கிடைப்பது தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்த அரை மணி நேரம்தான்.

அவளோ எழுபத்து நாலில் மாடம்பாக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். கூடப் பிறந்தவர்கள் கிடையாது. ஓரகத்தியோடு கிணற்று மோட்டார் விஷயத்தில் பேச்சு நின்று வருஷக்கணக்காகிறது. மகள் சரசு சின்னப் பெண். பகல் முழுவதும் வீட்டில் நடந்தது, தெருவில் நடந்தது, ஜெயவேலு வயல் வழியை முள் வெட்டிப் போட்டு அடைத்தது எல்லாவற்றையும் மனதுக்குள் கட்டி வைத்திருப்பாள். ராத்திரி அவர் தட்டில் முதல் கரண்டிச் சோறு விழுந்ததும் மூட்டை அவிழும். குழம்பு ஊற்றும்போது அண்ணன்காரன் சமாசாரம், பொரியல் வைக்கும்போது சரசு கணக்கில் வாங்கிய மார்க்கு, ரசத்துக்குப் பக்கத்து வீட்டுச் சாக்கடை, மோருக்கு ரேஷன் கடைச் சண்டை. ஒரு கவளத்துக்கு ஒரு 'ம்' போட்டுக்கொண்டு, மென்றும் மெல்லாமலும் அவர் தண்ணீரைக் குடித்துக் குடித்து உள்ளே தள்ளுவார்.

எழுந்து போயிருக்கலாமே என்று கேட்கலாம். அந்த வீடுகளில் சாப்பாட்டுக்கு நடுவில் எழுந்திருப்பது என்பது சோற்றை எட்டி உதைப்பதற்குச் சமம். எழுபத்தொன்பதில் ஒரு நாள் அவர் அப்படி எழுந்துபோய்க் கையைக் கழுவினார். தனக்கோடி இரண்டு நாள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தாள். 'சோறு போட்ட கைய அறுத்துப் போட்ட மாதிரி' என்று அழுதாள். அதற்குப் பிறகு அவர் தட்டில் கடைசிப் பருக்கை இருக்கும்வரை எழுந்ததில்லை. அவர் எழ மாட்டார் என்று தெரிந்துதான் அவளும் எல்லாச் சேதியையும் அந்த நேரத்துக்கு வைத்திருந்தாள். பிடித்து வைத்துச் சொல்ல வேறு நேரம் ஏது?

எண்பத்தாறாம் வருஷம் சித்திரையில் கம்பெனி கேட்டிலேயே துரைராஜ் மயங்கி விழுந்தார். மேற்குத் தாம்பரத்து டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். இந்த வயதில் நூற்றெண்பது இருந்தால் வயதான பிறகு என்ன செய்வது, இப்படியே விட்டால் ஒரு நாள் பக்கவாதத்தில் கொண்டுபோய்ப் படுக்க வைத்துவிடும் என்றார்.

அந்த வார்த்தை தனக்கோடிக்குப் புதிதல்ல. அவள் அப்பா மூன்று வருஷம் பக்கவாதத்தில் கிடந்து செத்தவர். அவருக்குப் படுக்கையிலேயே எல்லாம் எடுத்துப் போட்டவள் அவள். இந்த மனுஷனுக்கும் அந்தக் கதி வரவிடக் கூடாது என்று ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிவு செய்துகொண்டாள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று, இனி இந்தத் தலையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று.

டாக்டர் சொன்னதில் முக்கால்வாசி சாப்பாட்டைப் பற்றி. உப்பைக் குறை, ஊறுகாய், அப்பளம், கருவாடு தொடாதே, எண்ணெயில் பொரித்தது வேண்டாம். கடைசியில் மாத்திரைச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துக்கொண்டே, "மனசுக்குக் கவலை குடுக்காம பாத்துக்குங்கம்மா" என்றும் சொன்னார். பஸ் கண்டக்டர் எல்லோரையும் பார்த்து 'உள்ளே போ, உள்ளே போ' என்பாரே, அந்த மாதிரி ஒரு பேச்சாக அது தனக்கோடியின் காதில் பட்டுப் போய்விட்டது. உப்பும் எண்ணெயும் மட்டும் மனதில் நின்றன.

அன்று முதல் அவருக்குத் தனிச் சட்டி. அவர் குழம்புக்கு எண்ணி நான்கு கல் உப்பு. காலையில் கேழ்வரகுக் கூழ், மதியத்துக்கு டிபன் பாக்ஸில் சப்பாத்தி, ராத்திரி கொஞ்சம் சோறும் நிறையக் கீரையும். வாரத்துக்கு மூன்று நாள் ஏரிக்கரைக்குப் போய் முருங்கைக் கீரையும் பொன்னாங்கண்ணியும் கொண்டுவருவாள். வாழைத்தண்டை நார் எடுத்து நார் எடுத்து அவள் ஆள்காட்டி விரல் கருத்தே போனது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள், துரைராஜ் அதைக் குப்பையில் போடாமல் வாயில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான் வித்தியாசம். அவள் மட்டும் உப்போடு சாப்பிட்டாள் என்றும் நினைக்க வேண்டாம். அவர் சட்டியில் மிஞ்சியதைத்தான் அவளும் சாப்பிட்டாள்.

சாப்பாடு மாறியது, பரிமாறும் விதம் மாறவில்லை. வழியை மறித்தது போக, ஏரிக்கரை நிலத்தை பிளாட் போட்டு விற்கிற மனைக்காரர்களிடம் விற்றுவிடலாம் என்று ஜெயவேலு சொல்லிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. சரசு ஆறாவதில் இங்கிலீஷில் பெயிலாகிவிட்டாள். மழைக்கு ஏரித் தண்ணீர் கொல்லைக்குள் வந்துவிட்டது. இதெல்லாம் தவிர, இப்போது உடம்பைப் பற்றியும் ஒரு சேதி சேர்ந்துகொண்டது. 'ஒழுங்கா துன்னு, எங்கப்பா மாதிரி இஸ்துகினு கெடக்காத' என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லாமல் அவள் மோர் ஊற்றியதில்லை. பயத்தில் சொன்னாள். அதையும் அவர் சோற்றோடு விழுங்கினார்.

இரண்டு வீடு தள்ளி ஜெயசீலி குடியிருந்தார். தாம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சனிக்கிழமை ராத்திரி ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்து துரைராஜ் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துச் சொல்வார். நூற்றறுபத்தைந்து, நூற்றெழுபது, ஒரு வாரம் இறங்கினால் மறு வாரம் ஏறும். டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். உப்பைக் குறைத்தீர்களா இல்லையா என்று தனக்கோடியைச் சந்தேகமாகப் பார்த்தார். சரசு தலையில் கை வைத்துச் சத்தியம் செய்கிறேன் என்றாள் அவள். வீட்டுக்கு வந்து நான்கு கல்லை மூன்றாகக் குறைத்தாள்.

துரைராஜுக்கோ நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், பின்கழுத்தில் இரும்பு வைத்த மாதிரி பாரம். பாயில் விழுந்தால் அடித்துப் போட்ட மாதிரி தூங்கியவர் இப்போது இரண்டு மணிக்கெல்லாம் விழித்துக்கொண்டார். தூங்காத கண்ணோடு வேலைக்குப் போய், கண் திறக்க டீ மேல் டீயாகக் குடித்தார். தூக்கம் கெட்டவருக்குப் பசி எடுக்கிற நேரமும் கெட்டது. சப்பாத்தி டிபன் பாக்ஸ் பல நாள் திறக்காமலே திரும்பி வந்தது.

எண்பத்தொன்பது ஆடியில் சரசுக்குப் பள்ளிக்கூடத் துணி எடுக்கத் தனக்கோடி தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனாள். திரும்பும்போது ஸ்டேஷன் பக்கம் கேசவன் பஜ்ஜிக் கடை பெஞ்சில் துரைராஜைப் பார்த்தாள். கையில் காகிதம், காகிதத்தில் மிளகாய் பஜ்ஜி, அதன் மேல் உப்பும் காரமும் சொட்டுகிற சட்னி. அவளை அதைவிட அதிகமாகச் சுட்டது இன்னொன்று. அவர் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் யாரோ எதையோ பேச, இவர் ஒன்றும் பேசாமல் வாய் நிறையப் பஜ்ஜியோடு, தோள் குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் வீட்டில் பார்த்து ஏழெட்டு வருஷம் இருக்கும்.

எத்தனை நாளாக நடக்கிறது இது என்று கேசவனைப் பிடித்தாள். பாவம், அவன் உள்ளதைச் சொல்லிவிட்டான்.

"அண்ணன் டெய்லி வரும்க்கா. ஒரு முக்கா மணி நேரம் குந்திகினு இருக்கும், அப்பறம் பஸ் ஏறும். மேனேஜர் கத்துன அன்னிக்கு நாலு, சும்மா அன்னிக்கு ரெண்டு. மூஞ்சப் பாத்தாலே எனுக்குத் தெரிஞ்சிரும், கேக்காமயே எடுத்து வெச்சிருவேன்."

கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் வீட்டில் உப்பை எண்ணிப் போடுகிறேன், நீ இங்கே விஷத்தைப் பொரித்துக் கொடுக்கிறாயா என்று தனக்கோடி கத்தினாள். இனி இந்த ஆளுக்குக் கொடுத்தால் கடை முன்னாலேயே மண்ணை வாரித் தூற்றுவேன் என்றாள். துரைராஜ் காகிதத்தைக் கசக்கிக் கீழே போட்டுவிட்டு, குனிந்த தலை நிமிராமல் அவள் பின்னால் பஸ் ஏறினார். வீட்டில் தனக்கோடி சரசு தலையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். அவர் அதைக் கடைசிவரை காப்பாற்றினார். கேசவனும் அவளுக்குப் பயந்து, அவர் அந்தப் பக்கம் வந்தால்கூட வணக்கம் மட்டும் வைத்தான்.

தனக்கோடிக்குத் திருட்டைக் கண்டுபிடித்த நிம்மதி. இனிப் பாருங்கள், இறங்கிவிடும் என்று ஜெயசீலியிடம் சொன்னாள். பஜ்ஜி நின்றது, உப்பு நின்றது, எண்ணெய் நின்றது. முக்கால் மணி நேரம் முன்னதாகவே வீட்டுக்கு வந்தார், முக்கால் மணி நேரம் அதிகமாகச் சேதி கேட்டார். அழுத்தம் நூற்றெழுபதிலிருந்து நூற்றெண்பதுக்குப் போனது.

பஜ்ஜி தின்றபோது நூற்றெழுபது, நிறுத்திய பிறகு நூற்றெண்பது. இந்தக் கணக்கு ஏன் உதைக்கிறது என்று அவள் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. வேறெங்கோ திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்றே நினைத்தாள். சட்டைப் பையை மோந்து பார்த்தாள். எண்ணெய் வாசனை இல்லை என்றதும், கம்பெனியிலேயே தின்றுவிட்டு வருகிறார் என்று முடிவு கட்டினாள். தொண்ணூற்றிரண்டில் ஒரு சனிக்கிழமை ஜெயசீலிக்கே மனசு கேட்கவில்லை. ஜெயவேலு பற்றித் தனக்கோடி பேசப் பேச, கருவியின் கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஏறுவதைக் கண்ணால் பார்த்தவர் அவர். சாப்பிடும்போதாவது அவரைக் கொஞ்சம் விட்டுவிடக் கூடாதா தனக்கோடி, மற்றதை அப்புறம் சொல்லலாமே என்றார்.

"அப்பறம்னா எப்ப சிஸ்டர்? அந்த மனுசன் துன்னதும் தூங்கிடுது" என்றாள் தனக்கோடி.

அதுவும் உண்மைதான். ஜெயசீலி பட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தொண்ணூற்றைந்து தை. கழிவுத் தண்ணீர் விவகாரத்தில் தோல் கம்பெனிகளை மூடப் போகிறார்கள் என்ற பேச்சு பம்மல் முழுக்க ஓடியது. மூன்று மாதமாகத் துரைராஜுக்கு அது தெரியும். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அது தினமும் ராத்திரி தட்டுக்கு வரும் என்று தெரிந்த மனுஷன். ஆனால் தனக்கோடிக்கு ரேஷன் கடை வரிசையில் சேதி கிடைத்துவிட்டது. அதே நாள் சரசுவைப் பெண் பார்த்துவிட்டுப் போன படப்பைக்காரர்கள் வேண்டாம் என்று ஆள் அனுப்பினார்கள். சாயங்காலம் ஜெயவேலு மனைக்காரனை அழைத்துக்கொண்டு வந்து கொல்லைப் பக்கம் நூல் பிடித்து அளந்தார். மூன்றும் ஒரே நாளில். இதையெல்லாம் அவள் யாரிடம் கொட்டுவது?

ராத்திரி சோறு, பாகற்காய், கீரைக் கடைசல். முதலில் படப்பைக்காரர்கள். 'ம்' என்றார். பிறகு ஜெயவேலு அளந்த கதை. அதற்கும் 'ம்'. கம்பெனி விஷயத்தை எடுத்தாள். ஊருக்கெல்லாம் தெரிந்தது எனக்கு மட்டும் ஏன் தெரியவில்லை, நான் உனக்கு யார், ரேஷன் கடையில் அடுத்தவள் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று கேட்டாள். அதற்கு 'ம்' வரவில்லை.

கோபித்துக்கொண்டார் என்று நினைத்தாள். அவர் வலது கை சோற்றின் மேல் அப்படியே கிடந்தது. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பாகற்காய்க் கசப்புக்கு முகம் சுளிக்கிறார் என்று அதற்கும் ஒரு வார்த்தை சொன்னாள். கல் மாதிரி உட்கார்ந்திருந்தால் ஆயிற்றா, பெண்ணுக்கு ஒரு வழி சொல்ல வேண்டாமா என்று இன்னும் பேசினாள். ஐந்து நிமிஷமோ, பத்து நிமிஷமோ. உள்ளேயிருந்து தண்ணீர் எடுத்து வந்த சரசுதான் அப்பா வாயோரம் சோறு வழிவதைப் பார்த்து அலறினாள். சாய்ந்து விழவில்லை அவர். அந்த நிலையிலும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துதான் இருந்தார்.

அந்தப் பத்து நிமிஷம் தனக்கோடியை இன்றுவரை விட்டுப் போகவில்லை. மற்றதையெல்லாம் விதி என்று சொல்லித் தள்ளிவிட முடிகிறது அவளால், அதை முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று ஜெயசீலி எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது, எப்படி உட்கார வைத்து ஊட்டுவது என்று எல்லாம் காட்டிக் கொடுத்தார். கடைசியில் ஒன்று சொன்னார்.

"ஊட்டும்போது பேச்சுக் குடுக்காதீங்க தனக்கோடி. அவர் பதில் சொல்ல வாயெடுத்தா சோறு புரையேறி நுரையீரலுக்குப் போயிடும். ஒரு வாய் முழுங்கின பிறகுதான் அடுத்த வாய். அதுவரைக்கும் யாரும் ஒண்ணும் பேசக் கூடாது."

தனக்கோடி வாய்க்குப் பூட்டுப் போட்டாள். முதல் வாரம் தொண்டைவரை வந்த சேதியை உள்ளே தள்ளித் தள்ளி ஊட்டினாள். குழைந்த சோறு, கீரை மசியல், மூன்று கல் உப்பு. பேசாததால் அவள் கண் அவர் முகத்திலேயே இருந்தது. அவர் எந்தப் பக்கத்துப் பல்லில் மெல்லுகிறார், விழுங்கும்போது தொண்டை எப்படி ஏறி இறங்குகிறது, பொன்னாங்கண்ணியைவிட முருங்கைக் கீரைக்கு எப்படி வாயைச் சீக்கிரம் திறக்கிறார் என்பதையெல்லாம் இருபத்தோரு வருஷத்தில் முதல் தடவையாகப் பார்த்தாள். அவர் நிதானமாகச் சாப்பிட்டார். ஏப்பம் புளிக்கவில்லை. ராத்திரி விடிய விடியத் தூங்கினார்.

பங்குனியில் ஜெயசீலி பட்டையைச் சுற்றிப் பார்த்தார். நூற்று நாற்பத்திரண்டு. மறு வாரம் நூற்று முப்பத்தாறு. கருவியில் கோளாறோ என்று தன் கையிலேயே சுற்றிப் பார்த்துக்கொண்டார். டாக்டர் சீட்டைத் திருப்பிப் பார்த்து, மாத்திரை பழைய மாத்திரைதான் என்று சொல்லி, இப்போதுதான் அம்மா நீங்கள் ஒழுங்காகப் பத்தியம் வைக்கிறீர்கள் என்று பாராட்டினார்.

பாராட்டைக் கேட்டுத் தனக்கோடி ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துவிட்டாள். பத்தியம் ஒன்பது வருஷமாக அதே பத்தியம். அதே சட்டி, அதே கீரை, அதே உப்பு. மாறியது ஒன்றே ஒன்றுதான். அது என்னவென்று டாக்டருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். கம்பெனிக்குப் போகாததும் ஒரு காரணம், எல்லாவற்றையும் உங்கள் தலையிலேயே போட்டுக்கொள்ளாதீர்கள் என்று ஜெயசீலி எடுத்துச் சொன்னார். அதிலும் நியாயம் இருக்கலாம். ஆனால் கம்பெனி கம்பெனியில்தான் இருந்தது. வீட்டுத் தட்டில் அதைக் கொண்டுவந்து வைத்தது யார்?

இனியாவது பிழைத்துக்கொள்வார் என்ற ஆசை அவளுக்குக் கொஞ்ச நாள் இருந்தது. ஆனியில் கால் வீங்கியது. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன, இப்போது வந்ததில்லை, பல வருஷமாக ரத்த அழுத்தம் ஏறியே நின்றதில் வந்தது என்றார் டாக்டர். இறங்கிய பிறகு இறங்கி என்ன பயன்? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பது இதுதான்.

ஐப்பசி மழைக்குள் துரைராஜுக்குக் கொஞ்சம் பேச்சு வந்தது. ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்து, நாக்கைப் புரட்டிப் புரட்டிச் சொல்வார். ஒரு நாள் மதியம் ஊட்டி முடித்து, வாயைத் துடைத்து, தலையணையில் சாய்த்த பிறகு தனக்கோடி கேட்டாள். அந்தப் பஜ்ஜி அவ்வளவு ருசியா, அதற்காகவா தினமும் போய் உட்கார்ந்தாய் என்று.

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். கேசவன் பஜ்ஜியில் எண்ணெய் நாற்றம் அடிக்கும் என்பதைச் சொல்லி முடிக்கவே அவருக்கு நேரமானது. பிறகு, "அங்க... யாரும்... ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார்.

அவளுக்குத் தெரிந்த பதில்தான். எட்டு மாதமாக அவளே தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தது. இருந்தாலும் அவர் வாயிலிருந்து வந்தபோது தாங்கவில்லை. கோபம்கூட வந்தது.

"ஒரு வார்த்த சொல்லக் கூடாதா சரசப்பா? துன்றப்போ பேசாதடின்னு ஒரே ஒரு வார்த்த. நான் வாய மூடிகினு இருந்திருப்பேனே."

"சொல்லலாம்னுதான்... இருந்தேன்."

"அப்பறம் இன்னா?"

அவர் வார்த்தை தேடுகிறார் என்று தெரிந்து அவளும் காத்திருந்தாள்.

"எங்கிட்ட சொல்லலன்னா... நீ யாராண்ட போய்... சொல்லுவ? உனுக்கு... வேற யாரு கீறா?"

தனக்கோடி அவருடைய விழுந்துபோன கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வாய் செத்த மனுஷன், ஒரு எதிர்ப் பேச்சுப் பேசத் துப்பில்லாதவர் என்று அவரைப் பற்றி எத்தனை தடவை நினைத்திருப்பாள். அவர் பேசத் தெரியாமல் இருக்கவில்லை. அவளுக்காகப் பேசாமல் இருந்திருக்கிறார். தெரிந்தே தினமும் உட்கார்ந்து கேட்டிருக்கிறார். இதைத் தெரிந்துகொள்ளாமலே இருந்திருந்தால் அவளுக்குக் குற்ற உணர்ச்சி மட்டும் மிஞ்சியிருக்கும். இப்போது அவர் பாசத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த மாசியில் அவர் போய்ச் சேர்ந்தார். அன்று மதியம்கூட அரைத் தட்டுச் சோறு சாப்பிட்டார். அதற்கு முந்தின நாள் சரசுவைப் பார்க்க வண்டலூரிலிருந்து வந்தவர்கள் சம்மதம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவரிடம் சொல்ல ஒரு நல்ல சேதி. சாப்பிட்டு முடிக்கட்டும் என்று தனக்கோடி காத்திருந்தாள். கடைசி வாயை விழுங்கியதும் அவருக்குத் தூக்கம் வந்துவிட்டது. எழுந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று, அவள் பேசாமல் வாயைத் துடைத்துவிட்டாள்.